மாகாணி

வாளையாறில் டயர் கடைக்கு மேலே என் அறை.
ரீட்ரெட் ரப்பர் வாசனை விடிந்தாலும் போகாது.
செக்போஸ்ட்டில் இப்போது யாரும் லாரியை நிறுத்துவதில்லை.
பழைய டிரைவர்கள் சிலர் மட்டும்
அந்த இடம் வந்ததும் கியரைக் குறைக்கிறார்கள்.
அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

பிப்ரவரி பதினொன்று, இரவு.
தண்டவாளத்தை ஒட்டிப் புதைத்த இழைக் கேபிள்
மண் அதிர்ந்ததையெல்லாம் பதிந்து வைத்திருக்கிறது.
அதை லேப்டாப்பில் இருக்கும்
தொள்ளாயிரம் நியூரான்களுக்கு ஊட்டினேன்.
யானை என்றால் துடிக்க வேண்டும்.
துடிக்கவில்லை.
அட்டவணை மூன்று, வரி ஆறு: ஒன்றுமில்லை
என்று எழுதி அனுப்பியும் விட்டேன்.

வாட்சர் வெள்ளிங்கிரியின் நோட்டில் வேறு கதை.
அச்சடித்த கட்டங்கள் மலையாளம்,
நிரப்பிய எழுத்து தமிழ்.
"பெண் யானை ஒன்று. ஜல்லியில் கால் வைத்தது.
எடுத்துக்கொண்டது."
சமயம் என்ற கட்டத்தில்
"ரெண்டேகால் இருக்கும்."

இருக்கும்!
அந்தச் சொல்லைப் பார்த்துச் சிரித்தவள் நான்.
என் நேரங்களுக்குப் புள்ளிக்குப் பின்னால்
மூன்று இலக்கம் உண்டு.

அந்த இலக்கங்களின் லட்சணம் இது:
மில்லி செகண்டுக்கு ஒருமுறை கண் திறக்கிறேன்.
நானூற்றுப் பதினேழாம் நியூரான்,
மைனஸ் ஐம்பது புள்ளி மூன்று. வரம்புக்குக் கீழே.
மூடுகிறேன்.
திறக்கிறேன். மைனஸ் ஐம்பது புள்ளி நான்கு.
கீழேதான்.
நடுவில் நான் இல்லை.
நடுவில் ஏறு என்று ஒரு துடிப்பு வந்திருக்கலாம்,
அதன் குதிகாலை மிதித்தபடி
இறங்கு என்று இன்னொன்று.
தளும்பிய நீர் ஒரு சொட்டு
வரம்பு தாண்டி அந்தப் பக்கம் விழுந்திருக்கலாம்.
நான் பார்த்த இரண்டு முறையும்
வயலுக்குள் அடங்கித்தான் இருந்தது.

டைம் ஸ்டெப்புக்குக் காலடி என்று
தமிழில் பெயர் வைத்துப் பார்த்தேன் ஒருமுறை.
அங்கமாலிப் பக்கத்து ஊரல்லவா அது
என்றார் ஸ்ரீலதா மேடம்.

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை.
குறுகிய மகரத்துக்குக் கால்.
அதற்குக் கீழே இலக்கணம் இறங்கவில்லை,
நான் இறங்கவேண்டி வந்தது.
அடி பாதியானால் காத்திருப்பு இரட்டிக்கும்.
ஒன்றுக்கு இருபது நிமிடம் ஆகியிருந்தது.
அரைக்கு நாற்பது. இல்லை.
காலுக்கு ஒரு மணி இருபது;
சோறு வடித்து, மோர் ஊற்றித் தின்று வந்தேன். இல்லை.
அரைக்காலில் மற்றவை முன்பின்னாக நகர்ந்தன,
நானூற்றுப் பதினேழு மட்டும் அசையவில்லை.
பிறகு மாகாணி.
பதினாறில் ஒரு பங்கு.
இரவு பதினொன்றுக்கு ஓடவிட்டுப் படுத்தேன்.

நாலு இருபதுக்கு எழுந்து பார்த்தால்
மைனஸ் நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது.
ஒரே ஒரு மாகாணிக்கு.
அந்தப் பக்கம் விழுந்த அந்த ஒரு துடிப்பால்
அடுத்தது, அதற்கடுத்தது,
நாற்பத்தொரு நியூரான்கள்
திரையில் மேலே மேலே புள்ளி வைத்துக்கொண்டே போயின.
நேரம்: இரண்டு மணி பதினாறு நிமிடம், எட்டு செகண்ட், சில்லறை.

யானைக்கு மில்லி செகண்ட் தெரியாது.
கால் வைத்ததும் எடுத்ததும்
அதன் கணக்கில் ஒரே காரியம்.
அன்றைக்கு ரயிலும் வரவில்லை.
யாருக்கும் எதுவும் ஆகவில்லை.
ஆகாததைத்தான் தப்பாக எழுதியிருக்கிறேன்.

மேடத்துக்கு மெயில் எழுத ஆரம்பித்தேன்:
வரி ஆறு பிழை.
அடுத்த வாக்கியம் வரவில்லை.
அரைவீசத்துக்கு இறங்கினால் இந்தத் துடிப்பு நிற்குமா,
இல்லை, வேறொன்று எழுந்து
இதைப் பொய்யாக்குமா?

பத்து மணி நாற்பது நிமிடம் ஆகும்.
கொதிக்கும் லேப்டாப்புக்கு அடியில்
இரண்டு தீப்பெட்டி வைத்து உயர்த்தி
ஓடவிட்டேன்.
எதற்கும் இருக்கட்டும் என்று வரி ஆறில்
இரண்டேகால் இருக்கும்
என்று தட்டிவைத்தேன்.

கீழே யாரோ கியரைக் குறைத்தார்கள்.